கூரையில் போட்ட பெயர்

மதரசாக் கூரை விழுந்த மறுநாள் விடியற்காலை சுபுஹு பாங்கிலிருந்து எங்கள் அலையாத்திப்பட்டினத்தில் அல்லாவின் பெயர் யார் வாயிலும் வரவில்லை. பாங்கு சொல்லும் மோதினார் சேகு தாவூது எப்போதும் போல கைகால் கழுவி ஒளு செய்து, காதில் விரலை வைத்து, பள்ளிவாசல் மைக்கின் முன்னால் நின்று வாயைத் திறந்தார். அந்தப் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது, அதற்குப் பின்னால் 'அக்பர்' என்று மட்டும் வந்தது, மறுபடியும் காற்று, மறுபடியும் 'அக்பர்'. யார் பெரியவன் என்று சொல்லாமலே பெரியவன் பெரியவன் என்று ஒலிபெருக்கி கத்தியது. பாவம், நேற்று ராத்திரிதான் பிள்ளையை அடக்கினார், தொண்டை அடைத்துக்கொண்டது என்று நினைத்தோம். பரிதாபப்பட்டு 'யா அல்லா' என்று சொல்லப் போனபோதுதான் எங்கள் தொண்டையிலும் அதே காற்று இருப்பது தெரிந்தது.

இதை நான் கோபமாகத்தான் சொல்வேன். சாந்தமாகச் சொல்ல வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். என் பெயர் இபுறாம்சா, கொத்தனார். விழுந்த கூரையைப் போட்டவன் நான்.

நாலு வருசத்துக்கு முன்னால், ஜமாஅத் தலைவர் நெய்னா மரைக்காயர் பெண்பிள்ளைகள் ஓதுவதற்கு ஒரு மதரசா கட்டினார். சுவர் எழும்பிக் கூரை போட வேண்டிய வாரத்தில் ஆற்றுமணல் லாரி வரவில்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டப் போகிறார், தலைவர் பெயர் பொறித்த பளிங்குக் கல் வாசலில் பதித்தாகிவிட்டது, கூரைதான் பாக்கி. கடற்கரையில் மணலுக்கு என்ன பஞ்சம் என்று டிராக்டரில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டச் சொன்னார்.

"ஹாஜியார், கடல்மணல் வேணாம். உப்பு கம்பியத் தின்னுடும்" என்றேன்.

"எத்தன வருசத்துல தின்னும்?"

"அது சொல்ல முடியாது."

"பொறவு என்னாப்பா? பிஸ்மில்லா சொல்லிப் போடு. அல்லா பாத்துக்குவான்" என்றார்.

நானும் அல்லாவின் பெயரால் என்று பிஸ்மில்லா சொல்லிப் போட்டேன். வாய் நிறையச் சொன்னேன். ஆற்றுமணலுக்குப் பதிலாக அல்லாவின் பெயரைப் போட்டு ஒரு கூரை கட்டினோம், அதன் கீழே முப்பத்திரண்டு பெண்பிள்ளைகளை உட்கார வைத்து, அந்தப் பெயரையே ஓதச் சொன்னோம். மூன்றாம் வருசம் கூரையில் துருப்பிடித்த கோடுகள் ஓட ஆரம்பித்தன. ஊரில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு வெள்ளையடிக்கச் சொன்னார், அடித்தேன். ஒழுகுகிறது என்று தாய்மார்கள் சொன்னபோது வாளி வைக்கச் சொன்னார், வைத்தார்கள். இந்த ஐப்பசி மழையில், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பிள்ளைகள் தலையில் முக்காடு போட்டு ஆடி ஆடி ஓதிக்கொண்டிருந்தபோது அது இறங்கியது. மூன்று பிள்ளைகள். அதில் ஒருத்தி மோதினார் தாவூதின் ஒரே மகள் ஹாஜரா, எட்டு வயசு, முன் பல் இரண்டும் அப்போதுதான் பெரிதாக முளைத்திருந்தன.

எங்கள் ஊரில் யார் மவுத்தானாலும் மோதினார்தான் பள்ளி மைக்கில் சாவு அறிவிப்புச் சொல்ல வேண்டும். அது அவர் வேலை, ஜமாஅத் கொடுத்த வீட்டில் குடியிருப்பதும் அந்த வேலைக்காகத்தான். தன் மகளின் மவுத்தையும் அவரேதான் சொன்னார். தலைவர் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார், அதை அப்படியே படித்தார்: "அல்லாவின் நாட்டப்படி, பலத்த மழையின் காரணமாக, மதரசாக் கட்டடம் சரிந்ததில், பள்ளிவாசல் மோதினார் சேகு தாவூது அவர்களின் மகள் ஹாஜரா..." குரல் நடுங்கவில்லை. இருபது வருசப் பழக்கம், நடுங்காமல் படித்துவிட்டார்.

அந்தத் தாளில் இருந்த முதல் வரி அன்று ராத்திரிக்குள் ஊர் வரியாகிவிட்டது. பிள்ளைகளின் மையத்தைக் குளிப்பாட்டிய பெண்கள் அல்லாட நாட்டம் என்றார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியவர்கள் அல்லாட நாட்டம் என்றார்கள். தாசில்தார் வந்து யார்மேல் சந்தேகம் என்று கேட்டபோது, மோதினாரின் பெண்சாதி முத்து நாச்சியாவின் இரண்டு தோளையும் பெண்கள் பிடித்துக்கொண்டு, சொல்லும்மா சொல்லு என்றார்கள், அவளும் "அல்லாட நாட்டம், யாரு மேலயும் புகார் இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். நானும் சொன்னேன். மூன்று வீட்டிலும் போய், மூன்று தகப்பன்மாரின் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன். யாராவது சொல்லாமல் விட்டார்களா என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வரிசையில் நின்று சொன்னார்கள்.

விடிந்தபோது பெயர் இல்லை.

முதலில் மைக்செட்டைக் குறை சொன்னோம். பிறகு மழை ஈரம் என்றோம். பிறகு பக்கத்து ஊரிலிருந்து நல்ல தொண்டையுள்ள ஒரு மோதினாரைப் பஸ்ஸில் வரவழைத்தோம். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே 'யா அல்லா' என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார், நாங்கள் சந்தோசத்தில் அவரைக் கட்டிப்பிடித்தோம். நேரே தாவூதிடம் போய்த் துக்கம் விசாரித்தார்: "அல்லாட நாட்டம் மோதினாரே, மனசத் தேத்திக்கங்க." அவ்வளவுதான். மத்தியான லுஹர் பாங்குக்கு அவர் வாயிலும் காற்று. அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினோம்.

மற்றப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தோம். அவனுக்குத்தான் தொண்ணூற்றொன்பது பெயர் இருக்கிறதே. ரஹ்மான் வரவில்லை, ரஹீம் வரவில்லை, கரீம் வரவில்லை. தமிழில் கூப்பிடலாம் என்று ஆண்டவன் என்றோம், நாயன் என்றோம், படச்சவன் என்றோம், வாய்தான் அசைந்தது. ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் வெறும் அப்துல் ஆகிப் போனார்கள். அவனுடைய அடிமை என்று வைத்த பெயரில் அப்துல் என்ற அடிமையை விட்டுவிட்டு அவன் பெயரை மட்டும் சொல்லிக் காதரே, ஜப்பாரே என்று அதுவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். இப்போது தெருவில் நின்று "ஏய் அப்துலு" என்று கத்தினால் பதினாலு அடிமைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னும் கேளுங்கள். வாசலில் பிச்சை கேட்டு மிஸ்கீன் வந்து நின்றால், அல்லா தருவான் போ என்று சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். அது சொல்ல முடியாததால் ஒன்று அரிசி போட வேண்டியிருந்தது, இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. தையல்காரர் நாளைக்குத் தருகிறேன் என்றால் முன்பு பின்னால் ஒரு இன்ஷா அல்லா இருக்கும், பெருநாள் கழிந்துதான் சட்டை வரும். இப்போது நாளைக்கு என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே கேட்டுவிட்டதால், உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். தும்மியதும் அவனைப் புகழ்வது வழக்கம்; இப்போது தும்மிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தொழுகையில் இமாம் ஓதும்போது நடுநடுவே ஓட்டை விழுந்தது, அந்த ஓட்டைகளில் எல்லாம் வெளியே காக்கை கத்துவது கேட்டது. தலைவர் கமிட்டியைக் கூட்டி, பெயர் வரும் இடத்தில் எல்லாரும் வலது கை ஆட்காட்டி விரலை உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார். இரண்டு வாரத்தில் ஊர் விரலை உயர்த்திப் பழகிவிட்டது. எங்களுக்குப் பழகாதது எது? துருக்கோடு பழகியது, வாளி பழகியது, மூன்று சின்னக் கபுருக்குழிகள் பழகின, இதுவும் பழகியது. வெட்கங்கெட்ட ஊர்.

பழகாதவள் ஒருத்திதான். முத்து நாச்சியா புருசனோடு பேசுவதை அறிவிப்புப் படித்த அன்றே நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், எதிரில் உட்காருவாள், பேச மாட்டாள். அவர் ஒருநாள் கெஞ்சியிருக்கிறார். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாளாம். "எம் புள்ள மவுத்துக்கு அந்தாளு எழுதிக் குடுத்தத நீங்க படிச்சீங்க. நானும் கையெழுத்துப் போட்டேன். இனிமே என்னாத்தப் பேசுறது?"

முப்பத்தெட்டாம் நாள் மைக்செட் வைரக்கண்ணு வந்தான். எங்கள் பள்ளி மைக்கை இருபது வருசமாகப் பார்ப்பவன் அவன்தான். கீழத்தெரு மாரியம்மன் கோயில் மைக்கும் அவனுடையதுதான். தலைவர் மூன்றாம் தடவையாக ஆம்ப்ளிபயரை மாற்றச் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் மினாராவின் விரிசலைப் பூசிக்கொண்டிருந்தேன். வயரைச் சொருகிவிட்டு அவன் சாதாரணமாக மைக்கில் ஊதி, "அல்லா... அல்லா... ஹலோ" என்றான்.

ஊர் நின்றுவிட்டது. முப்பத்தெட்டு நாளைக்குப் பிறகு அந்தப் பெயர் நாலு குழாயிலும் கணீரென்று கேட்டது. ஆண்கள் மீன்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். தலைவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அஞ்சு நேரமும் வந்து மைக் பக்கத்தில் நில், மோதினார் பாங்கு சொல்லும்போது பெயர் வரும் இடத்தில் மட்டும் நீ சொல்லு, சம்பளம் பேசிக்கொள்ளலாம் என்றார்.

"வேணாம் பாய்" என்றான் வைரக்கண்ணு. "அது ஒங்க வேல. நான் வயர் புடிக்கிறவன்."

முத்து நாச்சியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "தம்பி, எம் புள்ள மவுத்தான அன்னைக்கி நீ என்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா. இடிபாட்டுல கல்லத் தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

"எல்லாரும் சொன்னதச் சொல்லலையா?"

அவன் தலையைச் சொறிந்தான். "எல்லாரும் சாமி செயல்னு சொன்னாங்க. எனக்குச் சொல்ல வரல. ஒரு காங்கிரீட்டுத் துண்டு மூஞ்சில தெறிச்சு ஒதட்டுல பட்டுச்சும்மா. உப்புக் கரிச்சுது. அதான் சொல்ல வரல."

என் கரண்டி சாரத்திலிருந்து கீழே விழுந்தது. அவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். நான் மினாராவைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று பகல் முழுக்க அவள் இடிபாட்டில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாளாம். முந்தானை நிறைய அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் உரலில் இடிக்கும் சத்தம் கேட்டது. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிக் கொடுக்கும் சீரணிக்கு இனிப்பு மாவு இடிக்கிறாள், பெற்றவள் கொஞ்சம் தேறிவிட்டாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

நாற்பதாம் நாள் லுஹருக்குப் பிறகு பள்ளிவாசலில் பாத்திஹா. ஊரே உட்கார்ந்திருந்தது, திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். இமாம் ஓட்டை ஓட்டையாக ஓதினார், நாங்கள் ஓட்டை வந்த இடத்திலெல்லாம் விரலை உயர்த்தினோம், தலைவர் எல்லாருக்கும் முன்னால் எல்லாரையும்விட உயரமாக உயர்த்தினார். ஓதி முடிந்ததும் திரைக்கடியிலிருந்து வெள்ளைத் துணி மூடிய தாம்பாளம் வந்தது. சீரணியை வரிசையாகக் கொடுப்பதும் மோதினார் வேலைதான். தாவூது துணியை விலக்கி, குனிந்த தலையோடு ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே போனார். சீரணியை யாரும் பார்த்துச் சாப்பிடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பேசாமல் வாயில் போட்டுக்கொள்வதுதான் எங்கள் முறை. போட்டுக்கொண்டோம்.

உப்பு. பல்லில் கிளிஞ்சல் நறநறத்தது. சிமெண்டும் துருவும் மணலும் கலந்த அந்த ருசி எனக்கு நாலு வருசமாகத் தெரிந்த ருசி. நானூறு வாய்கள் ஒரே நேரத்தில் மெல்வதை நிறுத்தின. பள்ளிவாசலில் துப்ப முடியாது. விழுங்கினோம்.

தாவூது கடைசியாகத் தன் பங்கை வாயில் போட்டார். தாம்பாளத்தைத் தரையில் வைத்தார். நடந்து போய் மைக்கின் முன்னால் நின்றார்.

"உக்காருங்க மோதினாரே" என்றார் தலைவர்.

"அன்னைக்கி ஒரு தாளப் படிச்சேன்" என்றார் தாவூது. "அதுல முதல் வரி எம் வரியில்ல. எம் புள்ளய நான் பொய்யச் சொல்லி அடக்கிட்டேன்."

"மோதினாரே, குடியிருக்கிற வீடு யாரு வீடுன்னு ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு ஹாஜியார். சாவி மாடத்துல இருக்கு, எடுத்துக்கங்க. அல்லா மேல பழி போடாதீங்க."

வந்தது. அந்தப் பெயர் எங்களில் ஒருவர் வாயிலிருந்து, முழுசாக, அழுத்தமாக வந்து குழாய்களில் ஏறி ஊர் முழுக்கப் போனது. தாவூதுக்கே தூக்கிவாரிப்போட்டது. தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அல்லா எம் மகளக் கொல்லல."

இமாம் பதறி எழுந்தார். "நாவ அடக்குங்க மோதினாரே. நல்லதும் கெட்டதும் எல்லாம் அவன் நாட்டந்தானே."

"நாட்டம் அவனோடதுதான் ஹஜரத். மணல் யாரோடது?"

இமாம் உட்கார்ந்துவிட்டார். தலைவர் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்; சும்மா இரு என்று அந்தப் பார்வை சொன்னது. என் கையில் அவர் வேலைகள் இன்னும் இருந்தன, அவர் தம்பி வீட்டுச் சுற்றுச்சுவர், கல்யாண மண்டபத்து மாடி. நாற்பது நாளாக இரவும் பகலும் நான் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். வாய்க்குள் இன்னும் கிளிஞ்சல் கரித்துக்கொண்டிருந்தது.

எழுந்து நின்றேன்.

"மணல் கடல்மணல். கொட்டச் சொன்னது தலைவர். கலந்தது நான். துருவுக்கு மேல வெள்ளையடிச்சதும் நான். அல்லா பாத்துக்குவான்னு அவர் சொன்னாரு, பிஸ்மில்லா சொல்லி நான் போட்டேன்." சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குக் கேட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து முத்து நாச்சியாவின் குரல் வந்தது. அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "கடல்மணல்னு தெரிஞ்சா போட்டீங்க, காக்கா?"

"தெரிஞ்சுதாம்மா. என்னையப் பொறுத்துக்க."

எங்கள் ஊரில் யார் யாரிடம் பொறுத்துக்கொள் என்று கேட்டாலும், பொறுத்துக்கிட்டேன் என்றுதான் பதில் சொல்வார்கள். வெட்டுக்குத்து நடந்த வீட்டில்கூட அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பதில் வந்துவிடும் என்று நான் நம்பி நின்றேன்.

"பொறுக்க மாட்டேன்" என்றாள். "ஒங்களையும் பொறுக்க மாட்டேன், அவரையும் பொறுக்க மாட்டேன். வெள்ளையடிச்ச பொறவு அதுக்குக் கீழ எம் புள்ளய உக்கார வச்சுட்டுப் போனீங்கள்ல. நான் அல்லாட்ட சொல்லுவேன். ஒவ்வொரு நேரத் தொழுகையிலயும் ஒங்க பேர் சொல்லிச் சொல்லுவேன்."

அவளுக்கும் பெயர் வந்துவிட்டது. அழாமல் சொன்னாள்.

அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். டிராக்டர் ஓட்டியவன் எழுந்தான். துருக்கோட்டைப் பார்த்தேன் என்று இமாம் சொன்னார். திரைக்குப் பின்னால் ஒரு பெண் வாளியை வைத்தது நான்தான் என்று கத்தினாள். சொன்னவர்களுக்குப் பெயர் வந்தது, சொல்லாதவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான் கணக்கு. நெய்னா மரைக்காயர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இன்றைக்கும் தொழுகையில் அவர் விரலை உயர்த்திக்கொண்டுதான் நிற்கிறார், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் காற்றுச் சத்தம் கேட்கிறதாம். அன்று பள்ளியில் சொன்னதே வழக்காகிவிட்டது, கோர்ட்டில் அவர் முதல் எதிரி, நான் இரண்டாவது எதிரி. வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில்தான் போகிறோம், பேசிக்கொள்வதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நாற்பதாம் நாள் அஸர் பாங்கைப் பற்றி. கூரை விழுந்த அதே நேரம். தாவூது கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதில் விரலை வைத்து, பாங்கு சொன்னார். ஒரு எழுத்துக் குறையாமல், முதல் நாலு 'அக்பரு'க்கும் முன்னால் அந்தப் பெயர் வந்தது. தெருவில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள், ஆண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், மிட்டாய்க் கடைக்காரர் சும்மாவே மிட்டாய் வாரிக் கொடுத்தார். முத்து நாச்சியா தன் வீட்டு வாசலில் நின்று பள்ளிவாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எனக்கு ஐம்பத்திமூன்று வயசு. பேசத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி வந்திருக்கிறேன், சாந்து குழைக்கும்போதும் பொய் சொல்லும்போதும். கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.